கோதண்டபாணியின் சைவப் பந்தி

1979 ஜூன் 11 — ரூ. 5
1982 பிப்ரவரி 7 — ஒன்றுமில்லை
1982 மார்ச் 21 — ரூ. 20
1996 மார்ச் 3 — ரூ. 300
2008 நவம்பர் 16 — ரூ. 900
2019 டிசம்பர் 29 — ரூ. 2,500
2021 ஆகஸ்ட் 1 — ரூ. 1,500

மேலே உள்ளவை கோதண்டபாணி ஒரு நாள் வேலைக்கு வாங்கிய கூலி. முதல் வரி, ஆம்பூரில் நான் கணக்கு எழுதிய தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டியதற்கு. மற்றவை கல்யாண வீடுகளில் சமைத்ததற்கு. இரண்டாவது வரியில் ஒன்றுமில்லை என்று இருப்பது எழுத்துப் பிழை அல்ல. அன்று அவர் சமைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார் என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

அவருக்குச் சொந்த ஊர் திமிரிக்குப் பக்கம். பெற்றவர்கள் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இருபது வயதில் ஆம்பூருக்கு வந்து குழியில் இறங்கினார். சுண்ணாம்பு அவர் கைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷத்தில் முழங்கை வரை வெடித்துப் புண்ணானது. முதலாளி, நாங்கள் பெரிய சாயபு என்று அழைப்பவர், அவரைக் குழியிலிருந்து எடுத்து கேன்டீனில் போட்டார். அங்கே சாம்பாரும் பொரியலும் செய்து பழகினார். கைப்பக்குவம் நன்றாக இருந்தது.

ஆம்பூரில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பிரியாணி என்பது ஊரறிந்தது. அதே கல்யாணத்தில் இன்னொரு மூலையில் ஒரு சிறிய பந்தி நடக்கும் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. கறி சாப்பிடாத விருந்தாளிகளுக்கு அது. தோலுக்கு மருந்து விற்கும் கம்பெனிக்காரர்கள், பேங்க் அதிகாரிகள், பள்ளி ஆசிரியர்கள், என்னைப் போன்ற கணக்கர்கள் அதில் உட்காருவோம். தனிக் கொட்டகை, தனி அடுப்பு, தனி ஆள். பத்துப் பேர் என்றாலும் அது இல்லாமல் கல்யாணம் நடக்காது. விருந்தாளி பசியோடு போனால் அந்த வீட்டுக்குத்தான் தலைகுனிவு.

1982 பிப்ரவரி 7 அன்று பெரிய சாயபுவின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். வழக்கமாக வரும் சைவச் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கேன்டீனிலிருந்து கோதண்டபாணியை அழைத்து வந்தார்கள். சமையல் முடிந்து இலை போட்டாயிற்று. பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த கெமிக்கல் கம்பெனிக்காரர் ஒருவர், சாதம் விழுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீ கறி துன்ற ஆளா?"

"ஆமாங்க."

"எப்பவாவதா, அடிக்கடியா?"

"இன்னிக்குக் காலையில கூட ஈரல் துன்னேங்க."

அவர் எழுந்தார். அவரோடு வந்தவர்கள் எழுந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். பெரிய சாயபு வெயிலில் ரோடு வரை அவர்கள் பின்னால் போய்ச் சமாதானம் சொன்னார். யாரும் திரும்பவில்லை. கோதண்டபாணியை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் நான் கூலி கொடுக்கக் கூப்பிட்டபோது, "துன்னாத சோத்துக்கு இன்னா கூலி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து பெரிய சாயபுவின் முன்னால் வந்து நின்றார். "இனிமே நான் கறி தொடறது இல்ல. முட்டை, கருவாடு ஒண்ணும் இல்ல. அடுத்த பந்திக்கு என்னைக் கூப்புடுங்க" என்றார்.

பெரிய சாயபு சிரித்தார். "அரே, உன்னை எவன்டா விடச் சொன்னான்? கேட்டா இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்."

"இல்லைன்னு சொல்றதுக்கு இல்லாமயே இருந்துடலாம் சாயபு."

மார்ச் 21 அன்று அவரை அழைத்தார்கள். அதன் பிறகு ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவர்தான் சைவ மாஸ்டர். தேக்சா என்கிற பெரிய பாத்திரம், கரண்டி, தண்ணீர் அண்டா, விறகு எல்லாம் அவருடையது. பிரியாணி போடும் கொட்டகைக்குக் காற்று வரும் பக்கமாகத் தன் அடுப்பைப் போடுவார். கறி பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளவும் கத்திரிக்காய்தான், காய்கறி பிரியாணிக்கும் கத்திரிக்காய்தான். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கத்திரிக்காயில் ஒரு கரண்டி இந்தப் பக்கம் வராது. பரிமாறும்போது அவர் பந்தியின் தலைப்பில் நிற்பார். எங்களில் பலர் பாத்திரத்தைப் பார்த்ததே இல்லை. "மாஸ்டர் வந்திருக்காரா?" என்று கேட்போம். வந்திருக்கிறார் என்றால் உட்காருவோம்.

பிரியாணிப் பக்கம் தலைமை தௌசீப் அகமது. பரம்பரைப் பண்டாரி. அதாவது கல்யாணத்துக்குப் பிரியாணி போடுவது அவர் குடும்பத் தொழில். கோதண்டபாணிக்கும் அவருக்கும் ஒரே வயது, நெருங்கிய தோஸ்த். தௌசீப்பின் ஆட்கள் கோதண்டபாணியைச் சும்மா விட மாட்டார்கள். "தோல் ஊறுன தண்ணியில நின்ன மனுஷன், தோலுக்குள்ள இருந்தது மட்டும் ஆகாதாம்" என்பார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், "பேசினு இரு, அங்க உன் மூணாவது தேக்சா அடி புடிக்குது" என்பார். ஓடிப் போய்ப் பார்த்தால் பிடித்திருக்கும். முப்பதடி தூரத்தில் நின்றுகொண்டு, தான் வாயில் வைக்காத உணவின் பதத்தை மூக்கால் சொல்வார். அவருக்கு அப்படி ஒரு மூக்கு.

வீட்டில் அவர் மனைவி சம்பூர்ணமும் மகள் பாரதியும் கறி சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வெளியே தனி அடுப்பில் சம்பூர்ணம் சமைப்பாள். அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை. நான் ஒரு முறை கேட்டேன், உயிர்களிடத்தில் இரக்கம் என்று ஏதாவது உண்டா என்று. "அதெல்லாம் படிச்சவங்க சொல்வாங்க ஐயா. எனக்கு இன்னும் கருவாட்டுக் கொழம்பு கனவுல வருது. நாலு பேரு என் மூஞ்சியப் பாத்து வாயில வைக்கிறாங்க. அதுக்காக இருக்கேன். அவ எதுக்கு இருக்கணும்?" என்றார்.

நான் பிறந்ததிலிருந்து கறி சாப்பிடாதவன். அதில் என் முயற்சி எதுவும் இல்லை. அவருடையது வேறு.

2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்து மே 29 அன்று வீட்டுக்கு வந்தார். அறுபத்திரண்டு வயது. எடை நாற்பத்தொரு கிலோ. கொல்லைப்புறம் போவதற்குக்கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தினம் இரண்டு முட்டையும், வாரம் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப்பும் கொடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பருப்பு போதும் என்று அவர் சொல்லிவிட்டார். பருப்பும் இறங்கவில்லை. வாசனை, ருசி இரண்டும் போயிருந்தன. ஊறுகாயை வாயில் வைத்தாலும் களிமண் மாதிரி இருக்கிறது என்றார்.

ஜூன் முதல் வாரத்தில் சம்பூர்ணம் ஒரு முடிவுக்கு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கி, வெளி அடுப்பில் வேக வைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, துணியில் வடிகட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் போட்டு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். கொள்ளுத் தண்ணீர் என்று சொன்னாள்.

அவர் முதல் நாளே கேட்டிருக்கிறார். "இன்னா இது, ஒதடு ஒட்டுது?"

"கொள்ளு கொழகொழன்னு வெந்துடுச்சி. குடிய்யா."

அவர் குடித்தார். மறுநாளும் குடித்தார். மூக்கு இருந்திருந்தால் டம்ளர் வாசலைத் தாண்டும்போதே தெரிந்திருக்கும். ஜூன் கடைசியில் எழுந்து உட்கார்ந்தார். ஜூலை நடுவில் தெருமுனை வரை நடந்தார். கொள்ளுக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று நினைக்கவில்லை என்று என்னிடமே சொன்னார். நானும் அதன் பிறகு இரண்டு மாதம் கொள்ளு வாங்கினேன்.

அந்த வருஷம் பக்ரீத் ஜூலை 21. மொஹரம் மாதம் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பிறந்தது. மொஹரத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஊரடங்கால் தள்ளிப்போன கல்யாணங்கள் எல்லாம் இடையில் கிடைத்த மூன்று வாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று அரசாங்க உத்தரவு. ஐம்பதில் சைவம் ஐந்து பேர் இருப்பார்கள். அந்த ஐந்து பேருக்கும் தனி அடுப்பு வேண்டும் என்றார்கள்.

தௌசீப் வீட்டுக்கு வந்தார். "அஞ்சு கல்யாணம் தோஸ்த். நீ வந்து நின்னாப் போதும்."

"எனக்கு மூக்கு வேலை செய்யல பாய். உப்பு கூடத் தெரியல."

"மூக்கு இல்லைன்னா இன்னா? மூஞ்சி இருக்கு இல்ல? ஜனங்க கேக்குறது உன் மூஞ்சியத்தான்."

சம்பூர்ணம் உள்ளேயிருந்து வந்து, "இந்த வருஷம் வேணாம்யா" என்றாள். "ஒடம்பு தேறட்டும். அடுத்த வருஷம் போலாம்." அவர் அதை உடம்புக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டம்ளர் நின்றுபோகும். டம்ளர் நின்றால் அவர் மறுபடி படுத்துவிடுவார் என்று பயந்தாள்.

ஐந்து கல்யாணத்துக்கும் போனார். உப்புப் பார்க்கப் பாரதி கூடப் போனாள். ஷூ கம்பெனியில் அவளுக்கு அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது. ஜூலை 25 பந்தியில் நான் உட்கார்ந்தேன். சாப்பாடு எப்போதும் போல் இருந்தது.

ஆகஸ்ட் 1 கல்யாணம் முனவ்வர் பேகத்தின் மகளுக்கு. முனவ்வர் பேகம் புருஷனை இழந்தவர். வீட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் மெஷின்கள் வைத்து நான்கு பெண்களுக்கு வேலை கொடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அந்தப் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாகேந்திரன் என்ற ஆசிரியரை அழைத்திருந்தார். பள்ளிகொண்டாக்காரர். ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருஷம். ஓட்டலில்கூடச் சாப்பிடாதவர். ஆசீர்வாதம் செய்துவிட்டுப் புறப்பட்டவரை முனவ்வர் பேகம் கதவை மறித்து நின்று, "ஒரு வாய் சாப்பிடாம போனா எம் பொண்ணு எப்படி சார் நல்லா இருப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவர் தயங்கித் தயங்கிப் பந்திக்கு வந்தார். உட்காராமல் நின்றபடியே கோதண்டபாணியைக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க அசைவம் சாப்பிடறவரா?"

"இல்ல சார். நாப்பது வருஷம் ஆகப் போவுது."

"வீட்டுல?"

"அவங்க சாப்பிடுவாங்க. நான் தொடறது இல்ல."

நாகேந்திரன் உட்கார்ந்தார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இலையை மடிக்கும்போது, "ரொம்ப வருஷம் ஆச்சு இப்படி சாப்பிட்டு" என்றார். முனவ்வர் பேகம் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பாரதி சொன்னாள்.

செப்டம்பர் 5 ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டபாணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சம்பூர்ணம் டம்ளரோடு வாசலைத் தாண்டினாள். அவருக்கு மூக்கில் ஏதோ சுருக்கென்று ஏறியது. நான்கு மாதத்தில் முதல் வாசனை. முதலில் சந்தோஷம் வந்ததாம். "சம்பூர்ணம், வாசன வருது!" என்று கத்தினாராம். அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது என்ன வாசனை என்று அவருக்குப் புரிந்தது.

இதற்கு அடுத்து நடந்ததை அவர் எதையும் மறைக்காமல் என்னிடம் சொன்னார். நானும் மறைக்காமல் எழுத வேண்டும். அவர் டம்ளரைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"அவ அப்படியே நின்னா ஐயா. மூணு மாசமா தூங்கலன்னு மூஞ்சியில எழுதியிருக்கு. கீழ ஊத்த மனசு வரல. அது மட்டும் இல்ல. நல்லா இருந்துச்சி. அதையும் சொல்லிடறேன்."

குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தினி நாளா?" என்று கேட்டார்.

"ஜூன்லேர்ந்து."

"கல்யாணத்துக்குப் போனப்பவும்?"

"காலையில குடுத்துதான் அனுப்புனேன்."

சம்பூர்ணம்தான் பேசினாள். "நான்தான் குடுத்தேன். பொய்யும் நான்தான் சொன்னேன். பாவம்னா எனக்கு வரட்டும். நீ செத்துப் போயிருந்தா எவன் மூஞ்சியப் பாத்து ஒக்காருவாங்க? உன் போட்டோவப் பாத்தா?"

அன்று சாயங்காலம் அவர் கடைக்குப் போய் ஒரு ஸ்டவ் வாங்கி வந்தார். அறையின் ஒரு மூலையில் வைத்துத் தனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். மறுநாளிலிருந்து சம்பூர்ணம் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. திட்டவில்லை, சண்டை போடவில்லை. தானே சமைத்துத் தானே சாப்பிட்டார், அவ்வளவுதான். சம்பூர்ணம் ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "ஊருக்கெல்லாம் நீ சொன்னா நம்பணும். வீட்டுல நான் சொன்னா நீ நம்ப மாட்ட" என்றாள். அவர் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 6 காலை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஜூலை 25 அன்னிக்கு நீங்க பந்தியில ஒக்காந்தீங்க. அதனால மொதல்ல உங்ககிட்ட" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பாத்திரத்தில் ஏதாவது பட்டதா என்று கேட்டேன். சட்டி, கரண்டி, தண்ணீர் எல்லாம் எப்போதும் போல்தான், கையைச் சோப்பு போட்டுக் கழுவித்தான் தொட்டேன் என்றார். எனக்கு அதில் குறை எதுவும் தோன்றவில்லை, அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் சமாதானமாகவில்லை.

தௌசீப்புக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ இன்னா பைத்தியமா? தெரியாம உள்ள போனா எங்கள்ல குத்தம் இல்ல. உங்கள்ல மட்டும் குத்தமா? சட்டி சுத்தம். சாப்பாடு சுத்தம். எதுக்கு ஜனங்கள பேஜார் பண்ற?"

"அவங்க சட்டியப் பாத்து ஒக்காரல பாய்."

"கடைசி டம்ளர வுட்டுடு. அதையும் எதுக்கு சொல்ற? அத யார் பாத்தா?"

"நான்."

தௌசீப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "உன்னோட முடியாதுடா சாமி" என்று எழுந்து போனார். ஆனால் முனவ்வர் பேகம் வீடு தவிர மற்ற நான்கு கல்யாண வீட்டுக்கும் கோதண்டபாணியைத் தன் ஸ்கூட்டரிலேயே அழைத்துப் போனவர் அவர்தான். இரண்டு வீட்டில் சிரித்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில், உடம்பு முக்கியம், இதை வெளியே சொல்லாதீர்கள் என்று டீ கொடுத்தார்கள். இன்னொரு வீட்டுப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்க விருந்தாளிங்ககிட்ட இதை நாங்க எப்படிப் போய்ச் சொல்றது? உங்க மனசுல இருந்த பாரத்த எங்க தலையில வெச்சிட்டீங்க" என்றார். கோதண்டபாணி அதை ஒப்புக்கொண்டார்.

முனவ்வர் பேகத்திடம் கடைசியாகப் போனார். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் நூல் துண்டுகளை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார்.

"மாஸ்டர், நான் ஒண்ணு கேக்குறேன். சாரை உக்கார வெச்சது நான். உங்களக் காட்டித்தானே உக்கார வெச்சேன்?"

"ஆமா பீபிம்மா."

"அப்போ அவருக்குத் தெரியணும். என்னால சொல்ல முடியாது. எனக்கு வாய் வராது. அவர் கேட்ட கேள்விக்கு நீங்கதான் பதில் சொன்னீங்க. நீங்களே சொல்லிடுங்க."

பள்ளிகொண்டாவில் நாகேந்திரன் வீடு பூட்டியிருந்தது. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போன் நம்பர் யாரிடமும் இல்லை. முனவ்வர் பேகம் விலாசத்தை விசாரித்து வாங்கிக் கொடுத்தார். செப்டம்பர் 27 அன்று கோதண்டபாணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடிதம் ஒரு பக்கம்தான். ஜூன் மாதத்திலிருந்து என்ன குடித்தார் என்பதும், ஆகஸ்ட் 1 காலையில் என்ன குடித்தார் என்பதும், செப்டம்பர் 5 அன்று தெரிந்து குடித்தார் என்பதும் அதில் இருந்தன. மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்றேன். "வேணாம் ஐயா. மன்னிச்சேன்னு சொல்ல வெக்கிற மாதிரி ஆயிடும். நடந்தத மட்டும் எழுதுங்க" என்றார்.

அக்டோபரில் நாகேந்திரனின் மகனிடமிருந்து நான்கு வரி வந்தது. அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை, கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கல்யாணம் இருந்தது. தௌசீப் வாரா வாரம் வந்தார். கோதண்டபாணி போகவில்லை. "மத்தவங்க யாரும் என்னக் கேக்கல, நான் சொல்லவும் இல்ல. அவர் ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா கேட்டார். நானும் வாய் தொறந்து சொன்னேன். அவர் ஒரு வார்த்த சொல்லாம நான் எப்படி அங்க போய் நிக்கிறது?" பந்திக்கு வேறு ஆளைப் போட்டார்கள். நன்றாகத்தான் சமைத்தான். ஆனால் இலையில் உட்காருவதற்கு முன் ஆளாளுக்கு அவனைக் கேள்வி கேட்டார்கள். அவனும் எரிந்து விழுந்தான். கோதண்டபாணி ஷூ கம்பெனி வாசலில் காலையில் இட்லி விற்றார். இட்லி வாங்குகிறவர்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, கஷ்டமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் அவர் அதிகம் பேசவில்லை. எடை மறுபடி குறையத் தொடங்கியிருந்தது. சம்பூர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே அறையில் இரண்டு அடுப்பு எரிந்தது.

பெங்களூர் முத்திரையோடு இரண்டாவது கடிதம் வந்தபோது அவர் அதைப் பிரிக்கவில்லை. பாரதி வேலையிலிருந்து வரும் வரை அலமாரி மேல் வைத்திருந்தார். கண்ணாடி இருந்தது, படிக்கவும் தெரியும். ஆனாலும் மகளிடம் கொடுத்து, "அம்மாவையும் கூப்புடு" என்றார். பாரதி பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டிய அந்தக் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"திரு. கோதண்டபாணி அவர்களுக்கு. உங்கள் கடிதம் வந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. தாமதத்துக்கு உடம்பு மட்டும் காரணம் அல்ல. முதலில் கோபப்பட்டேன். எழுபது வருஷம் வெளியே சாப்பிடாதவன் ஒரு முகத்தை நம்பி உட்கார்ந்தேனே என்று என் மேலேயே கோபம்.

"பிறகு வேறு ஒன்று தோன்றி, அது என்னை விடவில்லை. என் மனைவிக்குக் கடைசி வருஷத்தில் ரத்தம் இல்லை. முட்டையாவது கொடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் அது பழக்கம் இல்லை என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. அவளுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

"உங்கள் மனைவி செய்தது சரி என்று எழுத என்னால் முடியாது. நானாக இருந்தால் உங்களைப் போலவே வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் நான் மகன் வீட்டில் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

"நீங்கள் பந்திக்குப் போங்கள். யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். உட்காருவதும் எழுவதும் அவர்கள் விருப்பம். நான் இனி அந்தப் பக்கம் வருவேன் என்று தோன்றவில்லை. வந்தால் உட்காருவேன்."

படித்து முடித்ததும் சம்பூர்ணம் கடிதத்தை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாது என்றாலும், இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு எழுந்து போய் உலை வைத்தாள். கோதண்டபாணி ஸ்டவ் பக்கம் போகவில்லை. தட்டு வந்தது. புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். என்ன என்று அவர் கேட்கவில்லை. பிசைந்து சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். அவள் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில் பந்தியின் தலைப்பில் நின்றார். கேட்டவர்களிடம், நடுவில் மூன்று மாதம் சாப்பிட்டேன், ஒரு நாள் தெரிந்தே குடித்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் சாதம் போட்டார். இப்போதும் அப்படித்தான் சொல்கிறார். எழுந்து போகிறவர்களும் உண்டு.

நாகேந்திரன் அந்த வருஷம் ஜூலையில் பெங்களூரிலேயே காலமானார். அவரிடமிருந்து அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. அவருடைய கடிதம் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது 2022 மார்ச் 14, திங்கட்கிழமை.